பசுமைக் கட்டடமும் அதன் அகச்சூழலும்

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மாத்திரமன்று. அச்சுவர்களுக்கிடையே தங்கும் காற்றும், ஒளியும், வெப்பமும், ஒலியும் கட்டடத்தின் உறுப்புக்களேயாம். இக்காலத்திலே "பசுமைக் கட்டடம்" என்னும் சொல் பெருவழக்காகிவிட்டது. மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடம் என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்வர். அது பாதி உண்மையே. 2009ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இலங்கைப் பசுமைக் கட்டட மன்றத்தின் மதிப்பீட்டு முறையிலும், அமெரிக்காவிற் பிறந்து உலகெங்கும் பரவிய லீட் முறையிலும் அகச்சூழலின் தரம் தனியொரு பிரிவாக வைத்து எண்ணப்படுகின்றது. உள்ளே வாழ்வோருக்கு நலந்தராத கட்டடம் எத்துணைச் சிக்கனமுடையதாயினும் பசுமைக் கட்டடமாகாது. இத்தரத்தை நாள்தோறும் பேணுவது எவ்வாறு என்பதை, நாம் நன்கறிந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளையும் வகுப்பறையையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சிக்கனம் புகட்டிய பாடம்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், மேனாட்டார் எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிக் கட்டடங்களைக் காற்றுப் புகாவண்ணம் அடைத்தனர். அமெரிக்காவில் 1981இல் வகுக்கப்பட்ட நியமம், புகைபிடிக்காத அலுவலகத்தில் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதும் என்றது. அக்காலத்தில் அடைத்த கட்டடங்களிற் பணிபுரிந்தோர் பலர் தலையிடி, கண்ணெரிவு, சோர்வு என்பவற்றால் வருந்தினர். கட்டடத்தை விட்டு வெளியேறியதும் நலம்பெற்றனர். 1989இல் அவ்வளவு குறைந்தது 15 கன அடியாக உயர்த்தப்பட்டது. காற்றை விலையாகக் கொடுத்துப் பெறும் சிக்கனம் சிக்கனமன்று என்பதை உலகம் இவ்வாறு கற்றுக்கொண்டது.

முற்றத்தின் அறிவு

நம் மூதாதையர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தால் வெப்பக்காற்று மேலெழுந்து செல்ல, திண்ணையும் தாழ்வாரமும் வெயிலைத் தடுத்து நிழற்காற்றை அறைகளுக்குள் விடுத்தன. கொட்டாஞ்சேனையின் பழைய ஒடுங்கிய வீடுகளிலும் நடுவே சிறு திறந்தவெளி இருப்பதுண்டு. அறையொன்று கூடுமெனக் கருதி அதனைக் கூரையிட்டு மூடும்பொழுது, வீட்டின் மூச்சுக்குழலையே மூடிவிடுகின்றோம்.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா இந்த அறிவை நகரத்துக்கு ஏற்றவாறு புதுப்பித்தார். கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960-62 காலப்பகுதியில் ஈனா த சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு நடுமுற்றத்தைச் சூழ்ந்தமைந்தது. முன்னர் டார்லி வீதி எனப்பட்ட ரீ. பி. ஜாயா மாவத்தையில், அரச ஈட்டு வங்கிக்கென 1976-78இல் அவர் வகுத்த 12 மாடிக் கட்டடம், ஒடுங்கிய வடிவமும் இயற்கைக் காற்றோட்டமும் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. 2008இல் துல்கிரியவில் திறக்கப்பட்ட மாஸ் நிறுவனத்தின் துருலி ஆடைத் தொழிற்சாலையோ முற்றங்களையும், நீர் ஆவியாதலாற் காற்றைக் குளிர்விக்கும் முறையையும் கொண்டு லீட் முறையின் அதியுயர் தரமாகிய பிளாற்றினம் பெற்றது. ஆகவே, பழைய முற்றத்தின் தத்துவம் பெருந்தொழிற்சாலைக்கும் பொருந்துவதே.

ஓர் எளிய கணக்கு

இனி வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் படிப்பறைக்குள் நுழைவோம். பரீட்சைக் காலத்திலே கதவையும் யன்னலையும் சாத்திக் குளிரூட்டியை இயக்கிவிட்டுப் பிள்ளைகள் படிக்கின்றனர். அறை குளிர்ந்தமையாற் காற்றும் புதியதாயிற்று எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். வீடுகளிற் சுவரிற் பொருத்தும் குளிரூட்டி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. உள்ளே உள்ள காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்வித்துத் தருகின்றது.

மாணவர் இதனைத் தாமே கணித்து அறியலாம். அறையின் நீளம் 4 மீற்றர், அகலம் 3 மீற்றர், உயரம் 3 மீற்றர் எனக் கொள்வோம். கனவளவு 36 கன மீற்றர். அதாவது 36,000 இலீற்றர். அமர்ந்திருக்கும் வளர்ந்த ஒருவர் மணிக்குச் சுமார் 18 இலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றார். இருவர் ஒரு மணிநேரம் இருப்பின் 36 இலீற்றர் சேரும். இது ஆயிரத்துக்கு ஒரு பங்கு. பத்திலட்சத்துக்கு 1,000 பங்கு. வெளிக்காற்றில் ஏற்கெனவே உள்ள ஏறக்குறைய 420 பங்கையும் கூட்டினால் 1,420 ஆகும். கதவிடுக்கினாற் சிறிது காற்று கசியுமாதலால் உண்மை அளவு சற்றுக் குறையலாம்.

இந்த அளவு யாது செய்யும்? ஆவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட சோதனையொன்றில், காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 1,400 பங்காக இருந்த நாளில், அது 550 பங்களவில் இருந்த நாட்களைவிடச் சிந்தித்து முடிவெடுக்கும் தேர்வுப் புள்ளிகள் 50 சதவீதம் குறைந்தன. 945 பங்கில் 15 சதவீதம் குறைந்தன. சோதிக்கப்பட்டோர் 24 பேரே. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், விடியவிடியப் படித்தும் மனத்திற் பதியவில்லை என வருந்தும் மாணவன், தன் நினைவாற்றலைக் குறைகூறுமுன் யன்னலைத் திறந்து பார்த்தல் நன்று.

வகுப்பறையின் நிலை இதனினும் கடுமையானது. 150 கன மீற்றர் அறையில் மேல்வகுப்பு மாணவர் 40 பேர் அடைத்திருப்பின், 40 நிமிடப் பாடவேளை ஒன்றிலேயே 3,200 பங்கு கூடும்.

புகையும் ஈரமும்

காற்றைக் கெடுப்பது மூச்சு மாத்திரமன்று. டெங்குக்கு அஞ்சி மூடிய அறையில் நுளம்புத்திரி கொளுத்துகின்றோம். ஒரு திரி எரியும்பொழுது எழும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்களின் நுண்துகளுக்கு ஒப்பானது என 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நுளம்பு வலையும் யன்னற் கம்பிவலையும் புகையின்றிக் காப்பன. சாமியறையிற் கற்பூரமும் ஊதுபத்தியும் ஏற்றும்பொழுது, யன்னலொன்று திறந்திருத்தல் பக்திக்குக் குறைவாகாது. அடுக்களையிற் சமைக்கும்பொழுது புகை நேரே வெளியேற வழி வேண்டும்.

கொழும்பு ஈரப்பதன் மிகுந்த கடற்கரை நகரம். குளிரூட்டிய அறையின் மூலைகளிலும் அலுமாரியின் பின்னும் பூஞ்சணம் படர்ந்து இழுப்பு நோயை மிகுவிக்கின்றது. பூஞ்சணத்தைக் கண்டவிடத்து அதன்மேல் வர்ணம் பூசுதல் மருந்தன்று. நீர் கசியும் இடத்தைக் கண்டு அடைத்தலே மருந்து. குளிரூட்டியின் வடியையும் தவறாது கழுவுதல் வேண்டும்.

வெயில், ஒளி, ஒலி

வெள்ளவத்தைக்குக் கடல் மேற்கே உள்ளது. ஆகவே, கடற்காற்றைத் தரும் யன்னலே பிற்பகல் வெயிலையும் தருகின்றது. உள்ளே தொங்கும் திரை, வெப்பம் கண்ணாடியைக் கடந்த பின்னரே அதனைத் தடுக்கும். வெளியே அமைந்த தாழ்வாரமோ, தட்டியோ, பூஞ்செடியோ கடக்குமுன் தடுக்கும். நிழலும் மின்விசிறியும் சேருமிடத்துக் குளிரூட்டியின் தேவை பெரிதுங் குறையும். வலக்கையால் எழுதுவோனுக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வருதல் வேண்டும் என்பது ஆசிரியர் அறிந்த பழைய விதி.

யன்னலைத் திறந்தால் இரைச்சல் புகும் என்பர், அது மெய்யே. காலி வீதியின் பேருந்தும், கடலோரப் புகையிரதமும், கொட்டாஞ்சேனை வழியே துறைமுகஞ் செல்லும் பாரவண்டியும் நம்மை விடுவதில்லை. வகுப்பறையிற் பின்னணி ஒலி 35 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1999இல் கூறியது. ஆதலின் வீதிப்பக்க யன்னலை நெரிசல் வேளையிற் சாத்தி, மறுபக்க யன்னல்களைத் திறத்தல் வேண்டும். பாடவேளை மாறும்போதெல்லாம் சில நிமிடம் இருபுறமும் திறந்துவிடுதல் நன்று. வாகன நெரிசலின் புகை மிக்க நேரமும் கடற்காற்று வீசும் நேரமும் ஒன்றல்ல. எப்பொழுது திறப்பது, எப்பொழுது சாத்துவது என்று அறிவதே பேணுங்கலையாகும்.

நிறைவுரை

விழாக்காலங்களிற் பழைய மாணவர் தாம் பயின்ற கல்லூரிக்குக் கட்டடம் வழங்குவது நம் சமூகத்தின் நன்மரபு. பளிங்குத் தரையும் குளிரூட்டியும் கண்ணுக்கு இனியன. கல்வெட்டிற் பொறிக்கவும் ஏற்றன. ஆயினும் வரைபடம் கைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். இவ்வறையில் எதிரெதிரே யன்னல் உண்டா? பிற்பகல் வெயிலை வெளியிலேயே தடுக்க நிழல் உண்டா? குளிரூட்டி வேண்டுமாயின், வெளிக்காற்றை உள்ளே கொணரும் விசிறியும் அதனுடன் உண்டா?

மாணவரும் தம் பங்கை ஆற்றலாம். வகுப்புத் தோறும் ஒருவரைக் காற்றோட்டத்துக்குப் பொறுப்பாக நியமித்தல் செலவற்ற செயல். வழங்குவோர் நல்ல அறையை வழங்குக. வாழ்வோர் அதனை நல்லறையாகவே பேணுக. கல்லூரி அன்னையின் மக்கள் தூய காற்றிலே கற்றுத் தெளிந்த சிந்தையராய் ஓங்குவாராக.