கிறுக்கலும் ஒரு பேச்சுதான்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிறோம். கடன் கேட்கிறவரிடம் "எதுக்கு?" என்று கேட்டால், பாதிப் பேர் சொல்லும் பதில் "பிள்ளை படிப்புக்கு" என்பதுதான். ஃபீஸ் கட்டுகிறோம், நோட்டு வாங்குகிறோம், டியூஷனுக்கு அனுப்புகிறோம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னாலேயே நம் வீட்டு வாசலில் காசில்லாமல் ஒரு படிப்பு நடக்கிறது. கையில் கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கோடு போடுவது, ஈர மண்ணைப் பிசைந்து உருட்டுவது, குச்சியால் தரையைக் கீறுவது எல்லாம் படிப்புதான். அதைத்தான் "சுவத்தை நாசம் பண்ணாதே, போ அந்தப் பக்கம்" என்று நாம் விரட்டிவிடுகிறோம்.

இந்த மாதப் பாடம் அந்தப் படிப்பைப் பற்றியது. இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வரையவும் செய்யவும் எப்படி இடம் கொடுக்கலாம் என்று பார்ப்போம். படிக்கத் தெரிந்த ஒருவர் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். மற்றவர்கள் நடுவிலேயே கேள்வி கேட்கலாம்.

படம் வரைவது எதுக்கு?

சின்னப் பிள்ளை மனசில் நிறைய இருக்கும். மாடு கன்னு போட்டதைப் பார்த்திருக்கும். பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கும். ராத்திரி அப்பா அம்மா சத்தம் போட்டதைப் போர்வைக்குள் இருந்து கேட்டிருக்கும். இதையெல்லாம் சொல்ல அதுக்கு வார்த்தை போதாது. கையில் ஒரு சாக்பீஸ் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரப் பிள்ளைகளிடம் வரையத் தாளும் கலரும் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெரிய பெரிய அலையை வரைந்தார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத பயம் முதலில் தாளில்தான் இறங்கியது. அவ்வளவு பெரிய துயரம் வந்தால்தான் என்று இல்லை. சின்னச் சின்னப் பயமும் சந்தோஷமும் வெளியே வரவும் இதுவே வழி.

இரண்டாவது, விரலுக்கு இது பயிற்சி. களிமண் பிசைந்து, சாக்பீஸ் பிடித்துப் பழகிய விரலுக்குப் பின்னால் பென்சில் பிடிக்க வலு இருக்கும். 'அ' என்ற எழுத்தில் எத்தனை வளைவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வட்டமும் வளைவும் போட்டுப் பழகிய கைக்குத்தான் அது சுலபம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். எந்தக் கலர், எங்கே வைப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்று ஒரு படத்தில் பிள்ளை தானே பத்து முடிவு எடுக்கிறது. காந்தியடிகளின் சேவாகிராமத்தில் 1944 முதல் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் தேவி பிரசாத். எல்லாப் பிள்ளையையும் ஓவியராக்குவது அவர் நோக்கமல்ல. ஒவ்வொரு பிள்ளையும் முழு மனுஷனாக வளரக் கலை வேண்டும் என்றார்.

நாம் குழுவில் சேர்ந்த புதிதில் எழுந்து நின்று பேர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் காது கொடுத்துக் கேட்டதால்தான் பேசப் பழகினோம். பிள்ளைக்கும் அதேதான். அதன் கிறுக்கலை ஒருத்தர் உட்கார்ந்து கேட்டால், நாளைக்கு அது தைரியமாகப் பேசும்.

வயசுக்கு ஏற்ற படம்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை வெறும் கிறுக்கல்தான். கை ஆட்டினால் கோடு விழுகிறதே என்ற ஆச்சரியம்தான் அதில் இருக்கிறது. மூன்று வயதை ஒட்டி வட்டம் வரும். போட்டு முடித்துவிட்டு "இது அம்மா" என்று பேர் வைக்கும். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் "இது பஸ்" என்று சொல்லும். அது பொய் இல்லை. அதன் நினைப்பு அதற்குள் மாறிவிட்டது.

நான்கு வயதில் மனுஷன் வருவான். பெரிய தலை இருக்கும், அந்தத் தலையிலிருந்தே காலும் கையும் முளைத்திருக்கும். வயிறு இருக்காது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஐந்து, ஆறு வயதில் கீழே தரைக்கோடு, மேலே வானம், ஒரு சூரியன் என்று படம் ஒழுங்காகும். அப்போதும் வீட்டை விட ஆடு பெரிசாக இருக்கலாம். பிள்ளைக்கு எது முக்கியமோ அதைப் பெரிசாகப் போடுகிறது. சுவர் இருந்தாலும் உள்ளே இருக்கிற பாட்டியும் கட்டிலும் தெரியும். உள்ளே இருப்பது அதுக்குத் தெரியும், அதனால் வரைகிறது.

எல்லாப் பிள்ளையும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. வரைவதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இடது கையால் வரைந்தால் வலது கைக்கு மாற்றவும் வேண்டாம்.

நாம் என்ன சொல்கிறோம்?

பிள்ளை ஓடி வந்து படத்தைக் காட்டுகிறது. நாம் வழக்கமாகச் சொல்வது இவைதான்:

"மாடு பச்சைக் கலர்லயா இருக்கும்?"
"இங்க கொடு, நான் ஒழுங்கா போட்டுத் தர்றேன்."
"அக்கா எப்படி வரையுறா பாரு, நீயும்தான் இருக்கே."

அம்மா ஒரு தடவை அழகாக மாடு போட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை தானாகப் போடாது. "எனக்கு வராது, நீயே போடு" என்று தாளை நீட்டும். அழகான ஒரு மாடு கிடைத்தது, பிள்ளையின் துணிச்சல் போனது. இது நஷ்டக் கணக்கு.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இதைப் பத்திச் சொல்லு கண்ணு."
"இங்க நிக்குறது யாரு? என்ன பண்றாங்க?"
"அப்புறம் என்ன ஆச்சு?"

"இது யானையா?" என்று நாமாகப் பேர் வைக்க வேண்டாம். அது ஆட்டோவாக இருந்தால் பிள்ளைக்கு முகம் வாடிவிடும். "சூப்பர், சூப்பர்" என்று பார்க்காமலே சொல்வதும் வேண்டாம். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். "இவ்வளவு நீளமா கோடு போட்டிருக்கியே", "சிவப்பு நிறைய வச்சிருக்கியே" என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும். அது சொல்லும் கதையைப் படத்துக்குக் கீழே நாலு வார்த்தை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லலாம். தான் சொன்னது எழுத்தாவதைப் பார்க்கும் பிள்ளைக்குப் படிக்கவும் ஆசை வரும்.

கடையில் கிடைக்கும் கலர் புக் எப்போதாவது இருக்கட்டும். ஆனால் அதில் இருப்பது யாரோ வரைந்த யானை. நம் பிள்ளை வரைந்த யானைக்கு அது ஈடாகாது. செல்போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை சும்மா இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். வரையும்போதுதான் அது எதையாவது சொல்கிறது.

சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது

வரைய: சாக்பீஸ், உடைந்த செங்கல், ஆறிய விறகுக் கரி, கோலப்பொடி. சிமெண்ட் வாசல் இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய துணியும் போதும். தண்ணீரால் வரைந்து, வெயிலில் அது காய்ந்து மறைவதைப் பார்ப்பதே பிள்ளைக்கு வேடிக்கை.

தாள்: பழைய காலண்டரின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை, ஒருபக்க நோட்டீஸ், அட்டைப்பெட்டி.

கலர்: மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் சிவப்பு. கீரையை அரைத்தால் பச்சை. செம்மண்ணைச் சலித்துக் கஞ்சித் தண்ணீரில் கரைத்தால் காவி. கரியைப் பொடி செய்தால் கறுப்பு. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவைத்தால் நீலம் வரும். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும். இதைப் பிள்ளை கண் முன்னால் செய்து காட்டுங்கள்.

பிரஷ்: வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் பிரஷ். தென்னை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றினாலும் சரி.

அச்சு: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் கலரில் தொட்டு வைத்தால் பூ மாதிரி பதியும். இலையின் பின்பக்கத்தில் கலர் தடவி அழுத்தினால் நரம்பெல்லாம் விழும்.

செய்ய: குளத்துக் களிமண், பனை ஓலை, தேங்காய்ச் சிரட்டை, துணித் துண்டு.

காலையில் கோலம் போடும்போது ஓரத்தில் ஒரு முழம் இடம் பிள்ளைக்கு விடுங்கள். அதன் புள்ளி அதன் இஷ்டம். வரிசை கோணினால் கோணட்டும். வீட்டுக்குள் ஒரு சுவரில் பிள்ளை உயரத்துக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி "இது உன் சுவர்" என்று சொல்லிவிட்டால் மற்ற சுவர்களைக் காப்பாற்றிவிடலாம். வாடகை வீடு என்றால் அட்டையை ஒட்டிக் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

குன்றிமணியும் ஆமணக்கு விதையும் விஷம். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிறோமே என்று குன்றிமணியைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புளியங்கொட்டை, மணி, பட்டன் எதுவும் கூடாது. வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் பெயிண்டும் பிள்ளைக்கு ஆகாது. முடிந்ததும் கை கழுவப் பழக்குங்கள்.

பையனுக்கும் பொண்ணுக்கும்

"கோலம் பொண்ணு வேலை" என்று பையனை எழுப்பிவிடுகிறோம். "தம்பியைப் பாத்துக்கோ, பாத்திரம் கழுவு" என்று ஏழு வயசுப் பொண்ணை எழுப்பிவிடுகிறோம். பையனும் கோலம் போடட்டும், மண் பிசையட்டும். பொண்ணுக்கும் தினம் அரை மணி நேரம் "இது என் நேரம்" என்று இருக்கட்டும். அந்த அரை மணி நேரத்தில் வேலை ஏவ வேண்டாம்.

படம் சொல்லும் சேதி

ஒரே ஒரு படத்தை வைத்து எதுவும் முடிவு கட்டக் கூடாது. கறுப்புக் கலர் அடித்தால் துக்கம் என்று இல்லை. கையில் கரி மட்டும் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒரே பயமான படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறது, கூடவே தூக்கத்தில் அலறுகிறது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருகிறது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிகிறது என்றால் கவனியுங்கள். மிரட்டிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "சொல்லு, நான் கேட்கிறேன், உன்னைத் திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள். யாராவது தப்பாக நடந்திருந்தால் மூடி மறைக்க வேண்டாம். 1098 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். இப்படிப்பட்ட குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. வீட்டுச் சண்டைதான் காரணம் என்றால் அதைப் பெரியவர்கள் நாம்தான் சரி செய்ய வேண்டும். "உன்னால இல்ல சாமி" என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கூட்டத்துக்குப் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருகிறோம். "சும்மா இரு" என்று அடக்குவதற்குப் பதில், ஓரமாக ஒரு பாய் விரித்துச் சாக்பீஸும் பழைய காலண்டரும் வையுங்கள். மாதம் ஒரு உறுப்பினர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிஷம், விருப்பமுள்ள பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொல்லட்டும், நாம் கேட்போம். போட்டி வேண்டாம், முதல் பரிசு இரண்டாம் பரிசு வேண்டாம். 1975 முதல் ஊர் ஊராக வந்த அங்கன்வாடி நம் பிள்ளைகளுக்கானது. அங்கே போய் "பிள்ளை என்ன வரைகிறது?" என்று டீச்சரிடம் கேளுங்கள். ஒருபக்கத் தாள்களைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கலந்து பேச

1. நாம் சின்ன வயசில் மண்ணில், ஓலையில் என்னவெல்லாம் செய்தோம்? இன்றைக்கு நம் பிள்ளைக்கு அதில் எது இருக்கிறது?
2. கடந்த வாரம் பிள்ளை எதையாவது காட்ட வந்தபோது நாம் என்ன சொன்னோம்?
3. நம் வீட்டில் பிள்ளைக்கு ஒதுக்க எந்த இடம், எந்த நேரம் இருக்கிறது?
4. அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளின் பாயை யார் பார்த்துக்கொள்வது?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வாருங்கள். பிள்ளை என்ன சொன்னது என்பதைத் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி வைப்போம்.