பெயர் ஒன்று, ஊர் வேறு

ஊர்ப்பெயர் வெறும் அடையாளச் சொல் அன்று. அதனை இட்ட மக்களின் எண்ணத்தையும் வரலாற்றையும் தாங்கி நிற்பது. தாமிரபரணிக் கரையில் இராசவல்லிபுரத்தில் பிறந்த சொல்லின் செல்வர் இரா. பி. சேதுப்பிள்ளை, 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலால் இத்துறைக்கு வழிகாட்டினார். சிறிய ஊரும் பெரிய நகரும் ஒரே பெயர் பெற்றிருந்தால், பெரியதைப் பார்த்துச் சிறியது பெயர் வைத்துக்கொண்டது என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். அது முற்றும் உண்மையா என்று காண்போம்.

பக்தி தந்த பெயர்

தென்காசி, காசியை நினைந்து பெயர் பெற்றது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்போரை வணங்குவதாக அவன் கல்லில் பொறித்து வைத்தான். பின்னாளில் சிதைந்துபோன இராசகோபுரம் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. 2019இல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. பெயர் காசியிலிருந்து வந்தது. வரலாறோ தென்காசியின் சொந்த வரலாறு.

சமயப்பணி தந்த பெயர்

நம் உடன்குடிக்கு அண்மையில் உள்ளது நாசரேத்து. இயேசுபிரான் வளர்ந்த ஊரின் பெயரைக் கிறித்தவ சமயப் பணியாளர் இங்கு வழங்கினர். 1876 முதல் 1908 வரை பணிபுரிந்த மர்காசிஸ் ஐயர் காலத்தில் கல்வியும் தொழிற்பயிற்சியும் இங்கே வளர்ந்தன. உடன்குடிச் சந்தையில் 'நாசரேத்து' என்றால் யாரும் பாலஸ்தீனத்தை எண்ணுவதில்லை.

ஒலி ஒற்றுமை

சேலத்தின் கதை வேறு. மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லின் திரிபே சேலம் என்பர் ஒரு சாரார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் அப்பெயரை விவிலியத்திலிருந்து எடுத்தனர். இரண்டுக்கும் உறவில்லை. இங்கே நம்முடையதே பெருநகர். அமெரிக்கச் சேலம் சிறியது.

அடைமொழி போதுமா?

தென், வட என்னும் அடைமொழிகள் குழப்பத்தைக் குறைக்கும், முற்றும் நீக்கா. ஆழ்வார் பாசுரங்களில் வடமதுரை என்பது யமுனைக்கரை மதுராவைக் குறிக்கும்; திண்டுக்கல் மாவட்டத்திலோ அதே பெயரில் ஒரு பேரூர் உள்ளது. மேல்விலாசத்தில் வடமதுரை என்று மட்டும் எழுதினால் எந்த ஊர் என்று எவர் அறிவார்? தாய் எதிர்பார்க்கும் மணியார்டரும் வேலைக்கான அழைப்புக் கடிதமும் இவ்வாறு வழிதவறக் கூடியவையே. இத்தகைய இடர்களைத் தீர்க்கவே 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. உடன்குடியின் எண் 628203. முதல் மூன்று இலக்கங்கள் தூத்துக்குடி அஞ்சல் பகுதியையும், இறுதி மூன்றும் நம் அஞ்சலகத்தையும் காட்டும்.

முடிவுரை

பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. பெயர் கடனாக வந்ததும் ஊருக்கு இழிவாகாது. எண் கடிதத்தைச் சேர்க்கும். ஊரின் கதையைச் சொல்லாது. அக்கதை கல்வெட்டிலும் கோயில், தேவாலய ஏடுகளிலும் பெரியோர் நாவிலும் உள்ளது. பெரியோர் நாவில் உள்ளது அவர்களோடு மறைந்துவிடும். எனவே மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் அவரவர் ஊர்ப்பெயரின் வரலாற்றைக் கேட்டு எழுதி வாருங்கள்.