தோலைக் கெடுக்காத சன்னம்

தொண்டைமானாறு

அன்பின் மருமகனுக்கு,

கயோட்டித் தோலுக்கு விலை வைப்பவர் மயிரின் அடர்த்தியையும் நிறத்தையும் பார்த்த பிறகு தோலைப் புரட்டித் துளையைத் தேடுவார். கயோட்டி நரிக்கு உறவான வட அமெரிக்க விலங்கு. நிறை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை. வெப்ப நாட்டு நரிக்கு மயிர் குட்டை. கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் சமவெளிகளிலோ கார்த்திகை கழியும்போது கயோட்டியின் அடிமயிர் நிரம்பிவிடும். தை கடந்தால் உரசி உரசித் தேயத் தொடங்கும். கயோட்டி மயிரைக் குளிரங்கிகளுக்குப் பெருமளவில் பாவித்த ரொறன்ரோவின் கனடா கூஸ் நிறுவனம், இனி விலங்கு மயிர் வாங்குவதில்லை என்று 2021 இல் அறிவித்தது. எஞ்சியிருக்கும் சந்தையில் ஓட்டை விழுந்த தோலுக்கு இடமில்லை.

ஒரு சன்னம் தோலில் இரண்டு துளை போடலாம். புகும் துளை அநேகமாகச் சன்னத்தின் விட்டமளவே இருக்கும். தோலைப் பாழாக்குவது வெளியேறும் துளை. அதனால் நல்ல சன்னம் என்பது உள்ளே போய், நெஞ்சறைக்குள் உடைந்து, வேகம் முழுவதையும் அங்கேயே செலவழித்து, வெளியே வராமல் நிற்பது. விலங்கு கணத்தில் சாவதற்கும் அதுவே வழி. தோலின் நலமும் வதையில்லாத சாவும் ஒரே இடத்தில் சந்திப்பது வேட்டையில் அரிது; அதனால்தான் சன்னத் தெரிவு இவ்வளவு கவனம் வேண்டுகிற காரியமாகிறது.

முழுவதும் செப்பு உறை போர்த்த சன்னம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் வளவுகளிலும் வீதிகளிலும் கிடந்தவை பெரும்பாலும் அவையே. அதற்குக் காரணம் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் பிரித்தானியர் செய்த மென்முனைச் சன்னம் உடலுக்குள் விரிந்து கோரக் காயம் உண்டாக்கியது. அதைத் தொடர்ந்து, 1899 இல் ஹேக் மாநாட்டில் விரியும் சன்னங்களைப் போரில் பாவிப்பதில்லை என்று பல நாடுகள் உடன்பட்டன. அந்த உடன்பாடு வேட்டையைக் கட்டுப்படுத்துவதில்லை. வேட்டையில் விரியும் சன்னமே இரக்கமானது.

இருந்தும், உறை போர்த்த சன்னம் சிறு துளையால் புகுந்து சிறு துளையால் போய்விடும், தோலுக்கு அதுவே நல்லது என்று நம்புகிற வேட்டைக்காரர் இன்னும் உண்டு. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. கூர்முனைச் சன்னத்தின் பாரம் பின்பக்கத்தில் இருப்பதால் சதைக்குள் அது தலைகீழாகப் புரளப் பார்க்கும். பக்கவாட்டில் திரும்பிய நிலையில் வெளியேறினால் தோல் நீளமாகக் கிழிந்துபோகும். கிட்டத்தில், முழு வேகத்தில் பட்டால் நடுவில் முறிந்து சிதறுவதும் உண்டு. புரளாமல் நேராகப் போய்விட்டாலோ நிலைமை இன்னும் மோசம். நுரையீரலில் ஊசித் துளையோடு விலங்கு வெகுதூரம் ஓடி, ஏதோ ஒரு பற்றைக்குள் மெதுவாகச் சாகும். தோலும் கிடைக்காது, உயிரும் வதைபடும். இந்தக் காரணத்துக்காகவே அவ்வகைச் சன்னத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

தோலுக்கு உகந்தது மெல்லிய உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட இலேசான சன்னம். ஹோர்னடியின் வி-மாக்ஸ், நொஸ்லரின் பலிஸ்டிக் டிப், சியராவின் பிளிட்ஸ்கிங் இந்த வகையைச் சேர்ந்தவை. பட்டதும் முனை பின்னுக்கு அழுந்தி உறையைப் பிளக்கும், ஈயம் தூளாகும்.

ரவைகளில் 1971 இல் வந்த .17 ரெமிங்டன் தோலுக்கு மிகவும் மென்மையானது. அதன் சன்னம் 4.4 மில்லிமீற்றர் விட்டமும் 25 கிரெயின், அதாவது 1.6 கிராம், நிறையும் உடையது. செக்கனுக்கு 1,200 மீற்றர் வேகத்தில் போகும். அது புகுந்த இடத்தை மயிரை விரலால் விலக்கித் தேடித்தான் காணவேண்டும். காற்று அதை இலகுவில் தள்ளிவிடும். ஒடுங்கிய குழலில் கரி சீக்கிரம் படியும். 2004 இல் வந்த .204 ருகர் அதற்கு அடுத்த நல்ல தெரிவு. எங்கும் கிடைப்பதும் மலிவானதும் .223 ரெமிங்டன், 50 முதல் 55 கிரெயின் சன்னத்தோடு தொடங்குகிறவருக்கு இதுவே போதும். .22-250 அதே சன்னத்தை இன்னும் வேகமாகச் செலுத்தும். .243 வின்செஸ்டர் மானுக்கும் உரிய ரவை. தோலை எண்ணுபவருக்கு அது தேவைக்கு மிஞ்சியது. .22 லோங் ரைபிளும் .17 எச்.எம்.ஆரும் முயலுக்கும் அணிலுக்கும் ஏற்றவை; கயோட்டியைக் காயப்படுத்தி விடுவதற்கே அவை உதவும்.

வேகம் கூடினால் எல்லாம் சரி என்றும் எண்ணக்கூடாது. மெல்லிய உறைச் சன்னம் கிட்டத்தில் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகுமுன் மேற்பரப்பிலேயே வெடித்து, தேங்காய்ச் சிரட்டை அளவுக்குத் தோலைப் பிய்த்துவிடும். கயோட்டியைக் குரல் கொடுத்து அழைத்து 50 மீற்றருக்குள் சுடுபவர் சற்றுத் தடித்த உறையையோ குறைந்த வேகத்தையோ நாடுவது நல்லது. சன்னத்தைச் சுழலவைக்கும் குழலின் உள்வரியையும் பார்க்க வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வரி 55 கிரெயினுக்குப் பொருந்தும். 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற இறுக்கமான வரியில், மிக மெல்லிய உறைச் சன்னம் அதிவேகத்தில் போனால் சுழற்சி தாங்காமல் காற்றிலேயே சிதறக்கூடும். எந்த ரவையானாலும் முதலில் கடதாசி இலக்கில் சுட்டுப் பார்த்து, குழல் எதை ஒரே இடத்தில் போடுகிறதோ அதையே எடுக்கவேண்டும்.

குறி தவறினால் எந்தச் சன்னமும் தோலைக் காக்காது. பக்கவாட்டில் நிற்கும் விலங்குக்கு முன்னங்காலின் பின்னே, தோள் எலும்பைத் தவிர்த்து, விலா எலும்புகளின் நடுவே குறி வைப்பார்கள். நேரே முகம் காட்டி நிற்கையில் நெஞ்சின் நடுவே பட்டால் சன்னம் உடலின் நீளத்துக்குள்ளேயே கரைந்துவிடும். தோலுக்கு அது மிகச் சிறந்த சூடு. சாய்வாக நிற்கும்போது விலாவின் பின்பக்கத்தால் வெளியேறும் அபாயம் கூடும். தலைக்கு வைத்தால் தாடை உடைந்து தப்பிப்போகும் கொடுமை நேரலாம். விலங்குக்குப் பின்னால் மண் மேடோ சரிவோ இல்லாவிட்டால் சுடவே கூடாது. கனடாவில் துவக்குக்கு உரிமமும் அதற்கான பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம்; வேட்டை விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்.

இரத்தம் மயிரில் உறையுமுன் குளிர்நீரில் கழுவவேண்டும். பின்னங்கால்களின் வழியே கீறி, தோலைக் குழாய்போல முழுதாக உரித்து, கொழுப்பை வழித்தபின் துளைகள் சதைப் பக்கத்திலிருந்து தைக்கப்படும். ஈரம் இருக்கும்போதே தைப்பதுதான் முறை. காய்ந்த தோலில் ஊசி ஏற்றினால் துளையின் ஓரம் வெடித்து, சின்னத் துளையும் பெரிதாகும்.

அன்புடன்,
மாமா