உறைமோரும் ஓடைக்கல்லும்

நுழையும்முன்

தெளிந்த நீரெல்லாம் உயிர் வாழத் தகுந்த நீர் ஆகிவிடாது. கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன்களின் உயிரைக் காப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிகளே. பழைய தொட்டியிலிருந்து புதிய தொட்டிக்கு அவற்றைக் குடியேற்றும் முறையையும், அதே பணி பொதிகைச் சாரலின் ஓடைகளில் நிகழும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓடையின் வழுக்கல்

திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அமைந்த மலைப்பகுதி மாஞ்சோலை. அம்மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு, மணிமுத்தாறாக இறங்கி, அருவியாக வீழ்ந்து, அணையில் தங்கிப் பின்னர்த் தாமிரபரணியில் கலக்கிறது.

ஓடையில் கால் வைப்போர் முதலில் உணர்வது நீரின் குளிர்ச்சி. அடுத்து உணர்வது கற்களின் வழுக்கல். அவ்வழுக்கலை அழுக்கெனக் கருதுவோர் பலர். உண்மையில் அது பாசிகளும் பாக்டீரியாக்களும் கூடி வாழும் உயிர்ப்படலம். மீன்கள் தம் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உதிர்ந்த இலைகளும் இறந்த உயிர்களும் மட்கும்போதும் அம்மோனியா தோன்றுகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. ஆயினும் ஓடை நஞ்சாவதில்லை. ஓடும் நீர் அதனைக் கரைத்துப் பரப்புகிறது. பாசி அதனை உணவாக ஏற்கிறது. கற்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதனை வேறு பொருளாக மாற்றுகின்றன.

புதிய தொட்டியின் இடர்

கடையில் வாங்கிய கண்ணாடித் தொட்டியைக் கழுவி, நீர் நிரப்பி, அன்றே மீன்களை விடுவது பலரது வழக்கம். முதல் இரண்டு நாள்கள் யாவும் நன்றாகவே தோன்றும். பின்னர் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். ஒரு வாரத்திற்குள் ஒவ்வொன்றாக மடியும். நீரோ தெளிவாகவே இருக்கும். 'இந்த மீனுக்கு ராசியில்லை' என்று தொட்டியை மூலையில் வைத்துவிடுவோரும் உண்டு. குறை ராசியில் இல்லை. அத்தொட்டியில் நுண்ணுயிர்க் குடி இன்னும் அமையவில்லை என்பதே காரணம்.

தொட்டிக்கு ஓட்டம் இல்லை, பரப்பும் சிறிது. ஆகவே மீன் விடும் கழிவு முழுவதும் அங்கேயே தங்குகிறது. அதனை மாற்றும் பணியை இருவகைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீர்த்தாவரங்கள் அதனை உறிஞ்சும். எஞ்சியதை நீர் மாற்றி நீக்கலாம்.

இப்பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டு வாக்கில் தனித்துப் பிரித்து ஆராய்ந்தவர் உருசிய அறிவியலறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. இருபடிகளையும் ஒரே உயிரி தனித்து முடிக்கவும் கூடும் என்பது 2015இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தது. அவ்வுயிரியும் நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்ததே. அவ்வாய்வுகளுள் ஒன்றுக்கு உதவியது மீன்வளர்ப்புப் பண்ணையின் வடிகட்டியாகும்.

உறை ஊற்றும் கலை

குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் சில தக்க சூழலில் இருபது நிமிடத்தில் இருமடங்காகும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு அதற்குப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாள்கூடத் தேவை. எனவே வெறுந்தொட்டியில் அவை தாமாகப் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன.

இக்காலத்தைக் குறைக்கும் வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றினால் மறுநாள் காலையில் தயிர் கிடைக்கிறது. நேற்றைய தயிரின் உயிர்கள் இன்றைய பாலில் குடியேறுகின்றன. அவ்வாறே, நெடுநாள் நலமாக இயங்கும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு புதிய தொட்டிக்கு உறைமோர் ஆகிறது. காற்றுக்குழாய் செருகிய பஞ்சு வடிகட்டி வீட்டுத் தொட்டிகளிலும் மீன்பண்ணைகளிலும் ஒருங்கே பயன்படும் எளிய கருவி.

பழைய தொட்டியின் நீரை மட்டும் கொண்டு வந்து ஊற்றுவது போதாது. இப்பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை; பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. எனவே மாற்ற வேண்டியது அவை ஒட்டியிருக்கும் பொருளையே.

செய்முறை வருமாறு:

1. நோயற்ற தொட்டியைத் தேர்க. அண்மையில் மருந்து கலந்த தொட்டியைத் தவிர்க்க. பாக்டீரியாவோடு வெண்புள்ளி நோயின் கிருமியும் பஞ்சில் ஏறி வரக்கூடும்.
2. பழைய தொட்டியின் வடிகட்டிப் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கற்க. மிகுதியாக எடுத்தால் பழைய தொட்டியின் மீன்கள் இடருறும்.
3. பஞ்சைக் குழாய் நீரில் கழுவற்க. குடிநீரில் கலந்த குளோரின் பாக்டீரியாக்களைக் கொல்லும். பழைய தொட்டியின் நீரிலேயே நனைந்த நிலையில், விரைந்து கொண்டு செல்க.
4. குளோரின் நீக்கிய நீர் நிரப்பிய புதிய தொட்டியில் உடனே பொருத்திக் காற்றோட்டம் தருக.
5. அன்றே சில மீன்களை விடுக. அம்மோனியா இன்றேல் இப்பாக்டீரியாக்களுக்கு உணவில்லை.

மீன்களின் எண்ணிக்கையில் அளவறிதல் வேண்டும். பத்து மீன்கள் வாழும் தொட்டியில் பத்து மீன்களின் கழிவுக்கு ஏற்ற பாக்டீரியாக்களே இருக்கும். அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பஞ்சை எடுத்தால், அது அதே அளவுள்ள மூன்று மீன்களைத் தாங்கும், பத்தைத் தாங்காது. மூன்றில் தொடங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்பதைச் சோதனைக் கரைசலால் உறுதி செய்தபின் மேலும் சேர்ப்பதே முறை. இவற்றுள் எதுவேனும் தென்பட்டால் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, உணவைக் குறைத்தல் வேண்டும்.

மலையும் சமவெளியும்

சமவெளியில் உறைமோர் விரைந்து வேலை செய்யும். மலையில் பால் உறையத் தாமதமாகும். வடிகட்டிப் பாக்டீரியாக்களும் அவ்வாறே. மாஞ்சோலை போன்ற குளிர்ந்த மலைப்பகுதியில் அவற்றின் செயல் மந்தமாகும்.

நீரின் இயல்பும் கருதத்தக்கது. அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜனும், 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரத்தன்மையும் செலவாகின்றன. கெட்டியான பாறைகளின்மீது வழிந்தோடும் மழைநீர் உப்பு குறைந்த மென்னீர். அதில் கார்பனேட்டுகள் குறைவு. அதனால் தொட்டி நீர் விரைவில் அமிலத்தன்மை அடையும். பாக்டீரியாக்களின் வேலை தளரும். சிப்பி ஓட்டுத் துண்டுகள் சிலவற்றை வடிகட்டியில் இட்டால் காரத்தன்மை மெல்ல ஈடாகும். மின்வெட்டு நீடித்தால் வடிகட்டியில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆறு நம் தொட்டி அன்று

'டாக்கின்சியா தாம்பிரபர்ணியை' என்பது தாமிரபரணிக்கே உரிய கெண்டை வகை மீனின் அறிவியல் பெயர். ஆற்றின் பெயரையே தன் பெயராகத் தாங்கிய அம்மீன், அழகின் பொருட்டு அலங்கார மீன் விரும்பிகளாலும் நாடப்படுகிறது. ஓடைக்கல் உயிர்ப்படலம் மிக்கது என்பதற்காகக் காப்பகத்தினுள்ளிருந்து கல்லையோ மீனையோ எடுத்து வருதல் தகாது. அது சட்டத்திற்கும் புறம்பானது. நமக்குத் தேவையான பாக்டீரியா அண்டை வீட்டுத் தொட்டியின் பஞ்சிலேயே கிடைக்கிறது.

இதன் மறுதலையும் உண்மை. வளர்த்துச் சலித்த மீன்களை ஆற்றில் விடுவது இரக்கச் செயல் போலத் தோன்றும். ஆனால் தொட்டியின் பாசியைத் தின்பதற்கென்று வாங்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன் நம் நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்து வருகிறது. வேண்டாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைப்பதே நன்று. தொட்டிக் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் அவற்றுக்கு உரமாகும்.

கற்பவை கற்றபின்

1. உறைமோர், இட்லி மாவு, வடிகட்டிப் பஞ்சு ஆகிய மூன்றிலும் பாக்டீரியாக்கள் ஆற்றும் பணிகளை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுக.
2. ஒன்பது மீன்கள் உள்ள தொட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பஞ்சு எடுக்கப்படுகிறது. புதிய தொட்டியில் முதலில் எத்தனை மீன்களை விடலாம்? பழைய தொட்டிக்கு என்ன கவனம் தேவை? காரணத்துடன் விளக்குக.
3. உங்கள் ஊர் நீர்நிலையில் காணப்படும் மீன்களின் வட்டாரப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் அயல்மீன்கள் எவை எனக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.