மருந்து மாறினால் போதுமா?

இயற்கை முறையில் வீட்டுத்தோட்டம் போட முடிவு செய்ததும் பலரும் முதலில் கேட்பது, "எந்தக் கரைசல் தெளிக்கணும்?" என்பதைத்தான். ரசாயனப் புட்டி இருந்த இடத்துக்கு வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், புகையிலைச் சாறு, பஞ்சகவ்யா எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வாரம் தவறாமல் தெளித்தால் பூச்சி அண்டாது, இயற்கைப் பொருள் என்பதால் கெடுதலும் வராது என்று நம்புகிறோம். திராட்சைப் பந்தலும் வாழையும் தக்காளியும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், தோட்டத்தில் மருந்தடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொல்லைப்புறமும் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே பிழையானது. தெளிப்பது எதுவானாலும் அது கடைசிக் கட்ட வேலை. செடியைக் காப்பவை, பூச்சி வருமுன்னே நாம் செய்யும் காரியங்களும் நாம் கொல்லாமல் விட்டுவைக்கும் சில உயிர்களும்தான்.

இதற்குத் தமிழ்நாடே பெரிய சாட்சி. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த அந்தப் பூச்சிக்கு இங்கே இயற்கை எதிரி இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி, செம்பருத்தி என்று கண்ட செடியிலெல்லாம் வெள்ளையாகப் படர்ந்தது. அடித்த மருந்து அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. சுற்றியிருந்த நல்ல பூச்சிகளைத்தான் கொன்றது. 2010-இல் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சியினப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி ஊர் ஊராக வழங்கியது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளிருந்தே தின்று வளர்ந்து, காய்ந்த கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். மருந்துக்கு அடங்காத பூச்சி சில மாதங்களில் அடங்கியது. குளவியை விட்ட இடத்தில் மருந்தடிக்காதீர்கள் என்பதே அன்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட முதல் நிபந்தனை.

அந்த நிபந்தனை வேப்பெண்ணெய்க்கும் சோப்புக் கரைசலுக்கும் சேர்த்துத்தான். எண்ணெயும் சோப்பும் மெல்லுடல் பூச்சிகளின் மேல்தோலைக் கெடுத்து மூச்சை அடைக்கின்றன. கெட்டது எது, நல்லது எது என்று பார்ப்பதில்லை. போதாததற்கு நம் கண்ணும் ஏமாறுகிறது. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திராட்சை மாவுப்பூச்சிக்கு அதைக் கொடிகளில் விடச் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். அதன் புழு, உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழையோடு, பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். செம்பருத்திக் கிளையில் அதைப் பார்த்தவர் துணியால் துடைத்து எறிவார், அல்லது தெளிப்பானை எடுப்பார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: மாவுப்பூச்சி ஒட்டிக் கிடக்கும், தொட்டாலும் மெல்லத்தான் நகரும், இந்தப் புழுவோ சுறுசுறுப்பாக ஓடி இரை தேடும். கூடவே எறும்புச் சாரி இருக்கிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நின்று, குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகின்றன. எறும்பு ஏறும் வழியை மறித்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் வேம்பு பொய்யா என்றால், இல்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி 10 லிட்டராக்கினால் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் உண்மையிலேயே வேலை செய்யும். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் தீனியையும் தோலுரிப்பையும் கெடுக்கிறது; அன்றே செத்து விழச் செய்வதில்லை. வெயில் பட்டால் சிதைவதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். மறுநாள் புழு உயிரோடிருப்பதைப் பார்த்து அளவைக் கூட்டுகிறவர்கள் இலையைக் கருக்கிக்கொள்வதுதான் மிச்சம். பஞ்சகவ்யா வளர்ச்சிக்குக் கொடுப்பது. அதைப் பூச்சிமருந்தாக எண்ணிக் காத்திருந்தால் ஏமாற்றமே வரும். புகையிலைச் சாறு விஷயத்தில் தயக்கமே வேண்டாம், விட்டுவிடுங்கள். நிக்கோடின் மனிதருக்கும் கடும் நஞ்சு. நிக்கோடின் சல்பேட்டைப் பயிரில் பயன்படுத்த நாட்டில் தடையே உண்டு. உலர்ந்த புகையிலையிலும் தேமல் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். புகையிலை கசக்கிய கையால் தக்காளி, மிளகாய் நாற்றைத் தொட்டால் நோயை நாமே நட்டதாகிறது.

நோய்கள் பக்கம் வந்தால் முன்தடுப்பின் பங்கு இன்னும் கூடுதல். பந்தலில் பாகலோ திராட்சையோ இருந்தால், ஐப்பசி கார்த்திகைத் தூறலிலும் பனியிலும் வருவது அடிச்சாம்பல் நோய். இலையில் ஈரம் நின்றால்தான் அந்த நோய்க்கிருமி உள்ளே நுழையும். ஆகவே சாயங்காலம் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் வேரடியில் விடுவதும், அடர்ந்த கொடியைக் கழித்துக் காற்றோட்டம் தருவதும் எந்தத் தெளிப்புக்கும் முந்திய சிகிச்சை. மேலிலையில் மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய் வேறு ரகம். அதற்கு இலை நனைய வேண்டியதில்லை, மழையில்லாத நாளிலும் நிழலான நெரிசலில் வளரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இயற்கை வேளாண்மையில் வரம்போடு அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அது நோய் வருமுன் காப்பது. உள்ளே போன பூஞ்சணத்தைக் குணப்படுத்தாது. அதிலுள்ள தாமிரம் மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். டிரைகோடெர்மா போட்ட பாத்தியில் அதை ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய நல்ல பூஞ்சணமும் போய்விடும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். சுற்றிலும் தோட்டங்களில் மருந்தடிக்கும்போது, பத்துச் செடி உள்ள கொல்லைக்கு எந்தக் குளவி வரும்? வருகிறது என்பதற்குத் தென்னையைப் பார்க்கலாம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயை, யாரும் கொண்டுவந்து விடாமலேயே என்கார்சியா என்ற குளவி தேடி வந்து தாக்கத் தொடங்கியது. மருந்தடிக்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்றே நிபுணர்கள் அறிவுறுத்தினார்கள். சின்னக் கொல்லையிலும் நாலு கொத்தமல்லிச் செடியைப் பூக்க விட்டால், குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். கொஞ்சம் அசுவினி இருந்தால்தான் பொறிவண்டு வந்து முட்டையிடும். அந்தச் சிறு நட்டத்துக்கு மனம் ஒப்ப வேண்டும். காத்திருக்க முடியாத இடத்தில் கை இருக்கிறது. முருங்கைக் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக அடைந்து கிடக்கும்போதே வழித்து அழித்துவிடலாம். மரம் முழுக்கத் தெளிக்க வேண்டிய அவசியமே வராது.

எந்தக் கரைசலாலும் தீராத நோய்கள் வாழையில் உண்டு. "சொந்தக்காரர் தோப்புக் கன்று, மருந்தே அடிக்காதது" என்று நம்பி வாங்கி நடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கீழ்ப்பழநி மலையில் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு அழித்தது முடிக்கொத்து நோய்; கன்றோடும் அசுவினியோடும் பரவும் வைரஸ் அது. தேனி மாவட்டத்தில் ஜி-9 ரக வாழையைத் தாக்கும் வாடல் நோயைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பதிவு செய்திருக்கிறது. அது மண்ணிலேயே பல ஆண்டுகள் தங்கும். கன்றின் கிழங்கைக் குறுக்கே சீவி, உள்ளே செம்பழுப்பு நிறம் தெரிந்தால் நடக்கூடாது. முடிக்கொத்துக்கு அந்தச் சோதனை பயன்படாது; நோயற்றது எனச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றுதான் வழி. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நின்றால், முதலில் அதிலுள்ள அசுவினி பறக்காதபடி கொன்று, பிறகு தூரைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டால் கிழங்கிலிருந்து வரும் அடுத்த கன்றும் நோயோடுதான் வரும்.