கடற்கொள்ளையும் பருவக்காற்றும்

சோமாலியாவை அடுத்த கடலில் 2008 முதல் 2011 வரை கப்பற்கொள்ளை மிகுந்திருந்தது. அக்காலத்தும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பெரிதும் தணிந்தே காணப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றே இதற்குக் காரணம். கொள்ளையர் ஏறி வருவது சிறு விசைப்படகு. சரக்குக் கப்பலின் பக்கத்தை ஒட்டிச் சென்று ஏணியை மாட்டினாலன்றி அவர்கள் மேலேற இயலாது. அலை ஓங்கினால் படகு நிலைகொள்ளாது, ஏணியும் நில்லாது. காற்று ஓய்ந்ததும் மாலுமிகளின் அச்சம் மீளும்.

கரையினின்று நெடுந்தொலைவு செல்வதற்கு, பிடித்த கப்பலையே அவர்கள் தாய்க்கப்பலாகக் கொள்வதுமுண்டு. 2023 டிசம்பரில் கைப்பற்றப்பட்ட ‘ரூயென்’ இத்தகையதே. 2024 மார்ச்சில் இந்தியப் போர்க்கப்பல் ‘கொல்கத்தா’ அதனை மடக்கியது. கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மூன்று மாதம் சிறைப்பட்டிருந்த மாலுமிகள் 17 பேர் காயமின்றி மீண்டனர். அம்மாதத்தில் அக்கடல் அமைதியாயிருப்பதை ஆசிரியர்கள் பருவக்காற்றுப் படத்தின் துணைகொண்டு விளக்கலாம்.