காபரேட்டரில் பெற்றோல் ஒழுகினால்

றக்வான தோட்டப் பகுதியில் பழைய ஹொண்டா சீடி 125, எம்டி 90 வைத்திருப்பவர்கள் இரவில் பைக்கை லயத்து இஸ்தோப்பில் ஏற்றி வைப்பதுண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு எரியும். காபரேட்டர் சொட்டுவதைப் பழைய பைக் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே சரிசெய்யக்கூடிய பழுதுதான் அது.

1. பெற்றோல் மணம் வந்ததும் பெற்றோல் டெப்பை மூடிவிட்டு பைக்கை வெளியே தள்ளுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவி, கதவிடுக்கு வழியாக அடுப்படி வரை போகும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் பெற்றோல் தண்ணீர்மேல் மிதந்து பரவும். வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

2. காபரேட்டரைத் துடைத்துக் காயவிட்டு, டெப்பைத் திறந்து கவனியுங்கள். கீழ்க்குழாயில் சொட்டினால் உள்ளே பெற்றோல் வழியை மூடும் நீடில் சரியாக அடைக்கவில்லை. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தின் விளிம்பு நனைந்தால் கேஸ்கட் போய்விட்டது. மேலே ஈரமென்றால் ஹோஸ்தான் கசிகிறது.

3. நம் பகுதியில் சமதரை குறைவு. சரிவில் சாய்த்து நிறுத்தியதாலும் ஒழுகும். நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்திப் பார்த்த பிறகே கழற்றுங்கள்.

4. ஸ்குரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டினால், நீடிலில் சிக்கிய தூசி விலகி ஒழுகல் நிற்கலாம். அது தற்காலிகம்தான்.

5. ஜப்பான் பைக்கின் ஸ்குரூத் தலைக்குச் சாதாரண ஸ்டார் டிரைவர் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கி வையுங்கள், அந்தக் காசு வீண்போகாது.

6. டெப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, அதிலுள்ள பெற்றோலை மூடியுள்ள தகரத்தில் வடியுங்கள். கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும், அந்தத் தண்ணீரைத்தான் கீழ் லயத்தில் குளிக்கவும் துவைக்கவும் எடுக்கிறார்கள். அடியில் செந்துருத் தூளோ நீர்த்துளியோ இருந்தால் டேங்க்கையும் கழுவ வேண்டும். இங்கு பெய்யும் மழைக்கு, டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

7. அடுத்தது நீடில், இதில்தான் பொறுமை வேண்டும். கூம்பு முனையைச் சுற்றி வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். அது உட்காரும் இடத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். மாட்டியபின் பெற்றோல் வரும் குழாயில் சுத்தமான ஹோஸைச் செருகி ஊதுங்கள். நீடிலைத் தள்ளும் மிதவையான ஃப்ளோட்டை விரலால் உயர்த்தினால் காற்று நிற்க வேண்டும், விட்டால் போக வேண்டும். ஒருபோதும் வாயால் பெற்றோலை உறிஞ்சாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

8. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். புதிது போடுவதே நல்லது. அதன் சிறு தகட்டைக் கண்டபடி வளைக்காதீர்கள், பெற்றோல் மட்டம் மாறிவிடும்.

9. கேஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கோன் பசை வேண்டாம். பெற்றோலில் ஊறி, பிய்ந்து, ஜெட்டை அடைக்கும். சேலைன் குழாயை ஹோஸாகப் போடுவதும் தவறு, இறுகி வெடித்துவிடும். டேங்க்கில் ஊசித்துளை என்றால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு கராஜ் வரை தள்ளிப் போகலாம்.

10. இரவெல்லாம் ஒழுகிய பைக்கை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஒயிலை முகருங்கள். பெற்றோல் மணம் அடித்தாலோ, அளவு கூடியிருந்தாலோ ஒயிலை மாற்றுங்கள். நீர்த்த ஒயில் எஞ்சினைத் தேய்க்கும்.

11. பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்று 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் அளந்து கொடுத்தபோது, பலர் பெற்றோலைப் போத்தலில் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடுங்கள்; வடித்த பெற்றோலையும் போத்தலில் வைக்காதீர்கள். தண்ணீரென்று பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.